மூத்தோரும் மனச்சோர்வும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

(மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



"டாக்டர், ராத்திரி தூக்கமே வரல. சாப்பாடு இறங்கல. உடம்பெல்லாம் வலி." மருந்தகத்துக்கு வரும் மூத்தோர் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். மனசு சரியில்லை என்று நேராகச் சொல்பவர்கள் குறைவு. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், நாங்கள் வேறு கேள்விகள் கேட்போம். முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? கோயிலுக்குப் போக மனம் வருகிறதா? பேரப்பிள்ளைகள் வந்தால் சந்தோஷமாக இருக்கிறதா? விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கவலை வருவதும் போவதும் இயல்பு. ஆனால் மனம் வாடிக் கிடப்பதோ எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, அன்றாட வேலை எல்லாம் பாதிக்கப்பட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். முதுமை வந்தால் இந்த நோயும் வந்தே தீரும் என்பது உண்மையல்ல.

நம்மிடையே எவ்வளவு பேருக்கு?

சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் மனநலக் கழகம் 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மேலும் 13 பேருக்கு, நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், அதன் அறிகுறிகள் சில இருந்தன. சீன மூத்தோரைவிட இந்திய மூத்தோரிடம் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

ஏன் வருகிறது?

மனவுறுதி இல்லாததால் வருகிறது, முன்வினைப் பயன் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆராய்ச்சியில் தெரிய வந்திருப்பது வேறு. இதற்கு ஒரே ஒரு காரணம் கிடையாது. பல காரணங்கள் ஒன்று சேர்கின்றன.

முதலாவது, பரம்பரை. இரட்டையர்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளின்படி, இந்நோய் வருவதில் மரபணுக்களின் பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மீதி, வாழ்க்கையும் சூழலும். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, உடல்நோய். பக்கவாதம், இருதய நோய், நீரிழிவு, தைராய்டு குறைபாடு, ஓயாத வலி ஆகியவை மனச்சோர்வுக்கு வழிவிடலாம். மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் பழுதடைவதற்கும் முதுமையில் வரும் மனச்சோர்வுக்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மனத்துக்கும் நல்லது.

மூன்றாவது, இழப்பும் தனிமையும். துணையை இழப்பது, வேலையிலிருந்து ஓய்வு பெறுவது, பிள்ளைகள் தனி வீடு போவது, காது கேளாமல் பேச்சிலிருந்து ஒதுங்குவது, எல்லாம் இதில் அடங்கும்.

மாத்திரை வேலை செய்யுமா?

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூளையில் செரட்டோனின் என்னும் ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே, "அப்படியென்றால் மாத்திரையே பொய்" என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

நோய் எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி. மருந்து பலன் தருகிறதா என்பது இன்னொரு கேள்வி. பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது. அதனால், உடம்பில் பனடோல் குறைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. 2018இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று, 522 சோதனைகளில் பங்கெடுத்த 1,16,000க்கும் அதிகமானோரின் விவரங்களைப் பரிசீலித்தது. 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. எல்லாருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை. ஒன்று சரிப்படாவிட்டால் மருத்துவர் வேறொன்றைத் தருவார்.

சில விஷயங்களை நினைவில் வையுங்கள். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், நோயும் திரும்பலாம். முதியவர்களுக்குச் சில மாத்திரைகளால் ரத்தத்தில் உப்புச் சத்து குறைவதும், தடுமாறி விழுவதும் உண்டு. ஆகவே மற்ற மருந்துகள், நாட்டு மருந்துகள் உட்பட, நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து மட்டும்தானா?

இல்லை. பயிற்சி பெற்ற ஆலோசகருடன் பேசும் சிகிச்சை மூத்தோருக்கும் நன்றாகப் பலன் தருகிறது. 2024இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, 14,000க்கும் அதிகமானோர் பங்கெடுத்த 218 சோதனைகளை ஆராய்ந்தது. நடைப்பயிற்சி, யோகா, தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க உதவின. முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிகளில் தொடங்கலாம். சாப்பிடவே மறுக்கும் அளவுக்கு நோய் கடுமையானால், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வுச் சிகிச்சையும் உண்டு. சினிமாவில் காட்டுவது போல அது கொடுமையானதல்ல. முதியவர்கள் பலருக்கு அது விரைவில் குணம் தருகிறது.

மறதியும் மனச்சோர்வும்

மனச்சோர்வு சில நேரம் மறதி நோய் போலவே தோன்றும். சிகிச்சை எடுத்தால் அந்த மறதி பெரும்பாலும் குறையும். மறுபக்கம், மறதி நோய்க்கு வழிவகுக்கும், நாம் மாற்றக்கூடிய 14 அம்சங்களை 2024இல் ஓர் அனைத்துலக நிபுணர் குழு பட்டியலிட்டது. மனச்சோர்வும் காது கேளாமையும் அதில் உள்ளன. ஆகவே இரண்டையும் கவனிக்காமல் விடக்கூடாது.

எங்கே போவது?

முதலில் உங்கள் வழக்கமான குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாமா, சாஸ் அட்டைக்குச் சலுகை உண்டா என்று அங்கேயே கேளுங்கள். மனம்விட்டுப் பேச 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

"வாழ்ந்தது போதும்" என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 1767ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. அப்பாவோ அம்மாவோ அப்படிச் சொன்னால், "சும்மா எதையாவது பேசாதீங்க" என்று அடக்கிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது, மனப்பாரம்தான் குறையும்.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தயங்காமல் மருந்து எடுக்கிறோம். மனச்சோர்வுக்கும் அப்படியே எடுக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, தூக்கமும் வலியும் மட்டுமல்லாமல், மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.