ஆஸ்பத்திரிக் கடிதம் யார் கைக்குப் போக வேண்டும்?

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தால் பிரட்டுக் களத்திலேயே கேட்டுவிடுகிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் நம் பெயரில் இருக்கும் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, அது இன்றைய நிலைமைதானா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அந்த நாளில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரஸ்ஸர் இருந்தார். யாருக்கு என்ன நோய், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் இல்லாதது அவர் நினைவில் இருந்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. இன்று ஒரே தொழிலாளி மூன்று வாசல் ஏறுகிறார். இனிப்பு நீருக்கு அரசாங்கக் கிளினிக். காய்ச்சலுக்கும் முதுகு வலிக்கும் கம்பெனி குறித்துக் கொடுத்த தனியார் டாக்டர். பெரிய நோய் என்றால் குளுவாங், சிகாமட், அதற்கும் மேலே ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரி. மூன்று வாசலிலும் மூன்று கோப்பு. ஒன்றில் எழுதியது மற்றதற்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். கிளிக்லசைட் என்பது இனிப்பு நீர் மாத்திரை. டயமைக்ரோன் என்றாலும் அதே மருந்துதான்; கம்பெனி வைத்த பெயர் அது. ஓர் இடத்தில் முதல் பெயரிலும் இன்னோர் இடத்தில் இரண்டாம் பெயரிலும் வாங்கி இரண்டையும் விழுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். விடியுமுன், வெறும் வயிற்றோடு, உளிக்கத்தியைக் கையில் பிடித்து நிரைக்குள் நிற்பவருக்கு அங்கே மயக்கம் வந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? அதுபோலவே, சிறுநீரகம் கெட்டவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஆகாது. அவர் சிறுநீரகம் கெட்டது ஆஸ்பத்திரிக் கோப்புக்குத் தெரியும். முதுகு வலிக்கு ஊசி போடும் டாக்டருக்குத் தெரியாது.

இது நம்மில் சிலருக்கு மட்டும் வரும் சங்கடமல்ல. 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களில் அது நூற்றுக்கு 31.

அடுத்தது பெயரும் முகவரியும். நம் தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒரு விதமாய் எழுதுவார், மற்றவர் வேறு விதமாய் எழுதுவார். எழுத்து மாறினால் கோப்பும் இரண்டாகிவிடலாம். அடையாளக் கார்டின் 12 இலக்கம் மாறாது, அதைக் காட்டுங்கள். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கோ பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடுகிறது. அவர்கள் பழைய எண்ணையும் குறித்து வைத்துக் காட்ட வேண்டும். முகவரி இன்னும் மோசம். விட்டு வந்த தோட்டத்தின் பெயரே பலருடைய கோப்பில் கிடக்கிறது. டாக்டர் வரச் சொல்லும் கடிதம் அங்கே போய்க் காத்துக் கிடக்கும், நோய் காத்திருக்குமா?

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் கையிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம், எடை, ரத்தச் சோதனை யாவும் அதில் ஏறுகின்றன. ஆபத்தின் அளவைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் இடுகிறார்கள். அம்மா எங்கே போனாலும் புத்தகமும் கூடப் போகிறது. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தாலும் டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார். தாய்க்குச் செய்ய முடிந்ததை மற்ற நோயாளிக்கும் செய்ய முடியும்.

சிலாங்கூரில் செலாயாங் ஆஸ்பத்திரி 1999-லேயே காகிதமின்றிக் கம்ப்யூட்டரில் பதியத் தொடங்கியது. 2023-ல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே மின்னணுப் பதிவு வேண்டும் என்கிறது. நல்லது, வரவேற்போம். அது கடைசித் தோட்டம் வரை வந்து சேரும் நாள் மட்டும் நாம் கை கட்டி நிற்கலாகாது.

தோழர்களே! ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது, என்ன நோய், என்ன மருந்து, எது நிறுத்தப்பட்டது என்று எழுதிய கடிதம் கேளுங்கள். அதைக் கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். தனியார் டாக்டர் கொடுக்கும் மருந்துப் பையில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்கே போனாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீடு மாறினால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிராணித் தோழர்களே! ஆஸ்பத்திரி முத்திரையோடு வரும் கடிதத்தை மேசையில் தேங்க விடாதீர்கள். பிரிக்காமல், அன்றைக்கே உரியவர் கையில் கொடுங்கள். ஆள் வேறு தோட்டம் போயிருந்தால் அங்கே அனுப்பிவையுங்கள். ஒருவருடைய நோய் துரைக்கோ மண்டோருக்கோ தெரிய வேண்டிய விஷயமல்ல.

சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. சிகிச்சை முடிந்து வெளியேறும் ஒவ்வொரு நோயாளியின் கையிலும், கேட்காமலேயே, அந்தக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். சம்பளத்துக்குக் கணக்குக் கேட்கும் நாம், உடம்புக்கும் கணக்குக் கேட்போம்!