மாநக்கவாரம்: பெருகுவது யாருடைய எண்ணிக்கை?

(அந்தமானில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதாக 2022 நவம்பர் 15 அன்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அன்றைய நாளேடுகள் பலவும் ஒரே கேள்வியை எழுப்பின: இத்தனை பேரைப் பூமி தாங்குமா? அதே நவம்பரில் கிரேட் நிக்கோபார் தீவின் பெருந்திட்டத்திற்கு ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியிருந்தது. திட்டத்திற்குத் தாம் முன்பு அளித்த தடையில்லாச் சான்றைத் திரும்பப் பெறுவதாக அத்தீவின் பழங்குடியினர் மன்றம் எழுதியதும் அதே மாதத்தில்தான். முதல் செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. மற்ற இரண்டும் உள்பக்கங்களில் ஒதுங்கின. ஆனால் முதல் செய்தி எழுப்பிய கேள்விக்கு விடை தேடுவோர் மற்ற இரண்டையும் படித்தாக வேண்டும்.

திட்டத்தின் அளவை முதலில் பார்ப்போம். கிரேட் நிக்கோபாரின் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 8,000 பேர். அங்கே சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவை அமைய உள்ளன. 72,000 கோடி ரூபாய் என்ற மதிப்பீட்டுடன் தொடங்கிய இத்திட்டத்திற்கு 166 சதுர கிலோமீட்டர் நிலம் எடுக்கப்படுகிறது. அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது மழைக்காடு. முப்பது ஆண்டுகளில் தீவின் மக்கள்தொகை மூன்றரை லட்சமாக உயரும் என்று திட்ட ஆவணங்களே கூறுகின்றன. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் அனைத்திலும் சேர்த்து இருந்தவர்கள் 3,80,581 பேர். அதாவது, தீவுக்கூட்டம் முழுவதிலும் வாழ்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடான மக்களை ஒரே தீவின் தென்கிழக்கு ஓரத்தில் கொண்டுவந்து குடியமர்த்துவது திட்டம்.

இந்தப் பெருக்கத்திற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பு உண்டா? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் கருவள விகிதம், மக்கள்தொகை நிலையாக இருக்கத் தேவையான 2.1க்கும் மிகக் கீழே உள்ளது. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் மொத்த வளர்ச்சி ஏழு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தாய்மார்கள் பெறாத மூன்றரை லட்சம் பேரை ஒரு முதலீட்டுத் திட்டம் உருவாக்கப் போகிறது. ஒவ்வொரு உற்பத்தி முறைக்கும் அதற்கே உரிய மக்கள்தொகை விதி உண்டு, எல்லாக் காலத்திற்கும் பொருந்தும் பொதுவிதி கிடையாது என்று மார்க்ஸ் மால்தசுக்கு மறுப்பாகக் கூறியது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு நிக்கோபாரை விடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மால்தஸ் 1798இல் தம் கட்டுரையை வெளியிட்டார். 1805 முதல் இறக்கும் வரை அவர் பேராசிரியராக இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில். ஏழைகள் பெருகுவதே வறுமைக்குக் காரணம் என்று கற்றவர்கள் இந்த நாட்டை ஆண்டார்கள். 1876–78இல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோதும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நாட்டில் செய்யப்பட்டன. கத்திக்கு இலக்கானவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். "மக்கள் மிகுந்துவிட்டனர்" என்று சொல்லப்படும்போதெல்லாம் எந்த மக்கள் என்பது சொல்லாமலே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தில் ஆட்களைத் தின்றுகொண்டிருந்த அதே 1877இல் அந்தமானில் தட்டம்மை பரவியது. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது கிரேட் அந்தமானியர் பல்லாயிரவராக இருந்தனர். அவர்களைப் "பழக்கப்படுத்த" ஏற்படுத்திய இல்லங்கள் வழியாகவே நோய் காட்டுக்குள் சென்றது. 1901 கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர். இன்றும் சில பத்துப் பேரே எஞ்சியுள்ளனர். உலக மக்கள்தொகை எந்நாளும் இல்லாத வேகத்தில் ஏறிய நூற்றாண்டில் ஒரு மக்களினம் இவ்வாறு இறங்கியது. கிரேட் நிக்கோபாரின் உட்காடுகளில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011இல் 229 பேர். நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத அம்மக்களுக்கு இத்திட்டம் மரண தண்டனையாக முடியும் என்று 2024 பிப்ரவரியில் பல நாடுகளைச் சேர்ந்த 39 அறிஞர்கள் குடியரசுத் தலைவருக்கு எழுதினர். அந்த அச்சம் கற்பனையன்று என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். போர்ட் பிளேரின் வரலாறே போதும்.

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். 2024 செப்டம்பரில் சூட்டிய அப்பெயருக்குச் சோழர் கடற்படையின் பெருமை காரணம் காட்டப்பட்டது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிப்பது உண்மையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் பெயர் பெற்றிருந்த தீவு இது. ஆயினும் கோடை வந்தால் தலைநகரில் குழாய்த் தண்ணீருக்கு முறைவைத்துக் காத்திருக்கும் குடும்பத்திற்கு மெய்க்கீர்த்தியால் ஒரு குடம் கூடுதலாகக் கிடைப்பதில்லை. பெருமழை பெறும் தீவுகளில் குடிநீர்த் தட்டுப்பாடு ஏன் என்று கேட்டால், குறுகிய நிலத்தில் விழும் மழை விரைந்து கடலுக்கு ஓடிவிடுகிறது என்பதே விடை. அதை மண்ணில் பிடித்து வைப்பது காடு. காட்டை வெட்டி நகரம் அமைப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்நகரத்தின் தண்ணீரை.

கியூபாவில் மலைச்சரிவுக் காடுகளை எரித்த ஸ்பானியத் தோட்ட முதலாளிகளை எங்கெல்ஸ் எடுத்துக்காட்டாகக் கூறினார். சாம்பல் ஒரு தலைமுறைக் காப்பிச் செடிகளுக்கு உரமாயிற்று. இலாபம் கைக்கு வந்தது. அடுத்து வந்த மழை காப்பில்லாத மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்ப் பாறையை விட்டுச் சென்றது. அவர் தேர்ந்த எடுத்துக்காட்டும் ஒரு தீவு என்பது கவனிக்கத்தக்கது. தீவில் கணக்கு உடனே தெரிந்துவிடும். தள்ளிப்போடப் பின்னிலம் இல்லை.

கலத்தியா விரிகுடாவில் துறைமுகம் வருகிறது. உலகின் மிகப்பெரிய கடலாமையான பேராமை கரையேறி முட்டையிடும் மணற்கரை அது. மணலும் இலைச்சருகும் குவித்து, அந்த மேட்டின் வெப்பத்தில் முட்டை பொரிக்கவிடும் நிக்கோபார் மெகாபோடு பறவையும் அக்கரையோரக் காட்டை நம்பியதே. 2021 ஜனவரியில் அவ்விரிகுடாவின் வனவிலங்குச் சரணாலய அறிவிக்கை நீக்கப்பட்டது. அடுத்த மாதமே ஒன்றிய அரசு வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டம் அதே விரிகுடாவை முக்கிய வாழிடமாகக் குறித்தது. ஒரே அமைச்சகத்தின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியாது போலும்! வெட்டப்படும் மரங்கள் 9 லட்சத்து 64 ஆயிரம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஈடாக மரம் நடப்படும் இடம் ஹரியானா. இடம் மாற்றி ஒட்டவைக்கப்படும் பவளத் திட்டுகள் 16,150. இவையனைத்திற்கும் திட்டத்தில் இட்ட பெயர் "முழுமையான வளர்ச்சி". "அறிவிக்கை நீக்கம்", "மாற்று நடவு", "இடப்பெயர்ப்பு" ஆகிய சொற்களைத் தமிழில் பெயர்ப்பது எளிது. அழிவு என்ற சொல் மூலத்தில் எங்கும் இல்லை என்பதுதான் சிக்கல்.

நில அதிர்வு பற்றிய ஒரு செய்தியையும் சேர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கம் கடல்நீரில் நின்றது. அக்கடற்கரையோரத்தில்தான் 72,000 கோடி ரூபாய் ஊன்றப்பட உள்ளது.

இப்போது உள்ளூரில் எழும் எதிர்வாதம். துறைமுகம் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காதா என்று தீவுகளின் தொழிலாளர் குடும்பங்களில் கேட்கிறார்கள். கட்சிக் கிளைகளிலும் கேட்கிறார்கள். இக்கேள்வியை இழிவாகக் கருதக் கூடாது. இங்குள்ள தமிழர்கள் பெரும்பாலும் உழைக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள். 2011இல் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள். ஒரு நாடு "மிகை" என்று எண்ணித் தள்ளிய மக்களை மற்றொரு நாடு தீவுக்கு அனுப்பியது. அத்தீவை ஆழிப்பேரலை என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிரேட் நிக்கோபாரில் 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களும் அரசு அழைத்து வந்தவையே. 1951இல் 30,971 ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை அறுபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கானது இவ்வாறான குடியேற்றங்களால்தான். குடியேறியவர் குற்றவாளி அல்லர். ஆனால் அவர்கள் இறங்கிய இடம் வெற்றிடமாகவும் இருந்ததில்லை. இதை இடதுசாரி இயக்கம் இத்தீவுகளில் உரக்கச் சொல்லத் தயங்கியதுண்டு.

வேலைக்கு வருவோம். மாற்றுத் துறைமுகம் என்பது பெரிய கப்பலிலிருந்து பெட்டகத்தை இறக்கிச் சிறிய கப்பலில் ஏற்றும் இடம். பாரந்தூக்கிகளும் கணினிகளும் செய்யும் வேலை அது. பெட்டகம் திறக்கப்படுவதில்லை, உள்ளூர் வணிகத்தைத் தொடுவதும் இல்லை. இதே நோக்கத்துடன் 2011இல் திறக்கப்பட்ட கொச்சி வல்லார்பாடத்திற்கு எதிர்பார்த்த மாற்றுச் சரக்கு வரவில்லை. விழிஞ்ஞம் இப்போது இயங்குகிறது. ஆலையோ, சந்தையோ, நெடுஞ்சாலையோ இல்லாத தீவில் மூன்றாவது எதற்கு? நாட்டுப் பாதுகாப்பு என்கிறார்கள். கேம்பல் பேயில் கடற்படையின் ஐஎன்எஸ் பாஸ் விமானத் தளம் 2012 முதல் உள்ளது. அதை வலுப்படுத்தச் சொகுசு விடுதிகளும் மூன்றரை லட்சம் பேரும் தேவைப்படுவதில்லை. தீவின் குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியது, நேரத்திற்கு வரும் பயணிகள் கப்பல், மருத்துவர் இருக்கும் மருத்துவமனை, மீனுக்குக் குளிர்பதனக் கிடங்கு, ஒப்பந்தமல்லாத வேலை. இவற்றுக்கு ஒரு சதுர கிலோமீட்டர் காடும் வெட்ட வேண்டாம்.

அப்படியானால் பூமி தாங்குமா என்ற கேள்விக்குப் பொருளே இல்லையா? உண்டு. எல்லையில்லாப் பெருக்கத்தை எந்த நிலமும் தாங்காது. இதை மறுப்பது பொருள்முதல்வாதம் ஆகாது. ஆனால் சுமையை எடைபோடும்போது தலைகளை மட்டும் எண்ணுவது மோசடி. 2019ஆம் ஆண்டுக் கரிம உமிழ்வில், உலகின் மிகப் பணக்காரர்களான ஒரு விழுக்காட்டினரின் பங்கு, ஏழைகளான மூன்றில் இரு பங்கினரின் பங்குக்கு ஈடானது என்று ஆக்ஸ்ஃபாம் கணக்கிட்டது. ஷோம்பென் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு மழைக்காட்டில் வாழ்ந்து அதை மழைக்காடாகவே வைத்திருக்கிறார்கள். அவர்கள் 229 பேராக இருந்ததால் அன்று. காட்டை விற்பனைப் பொருளாக்காத வாழ்க்கை முறையால். சூடேறும் கடலில் வெளிறும் பவளம், 2010இல் அந்தமான் கடலில் வெளிறிய பவளத்தைப் போலவே, யார் எரித்த எரிபொருள் என்று பார்ப்பதில்லை; பார்க்க வேண்டியது கட்சி.

கலத்தியா கரையோரத்திலும் மேற்குக் கரையிலும் இருந்த நிக்கோபாரியர் சிற்றூர்கள் ஆழிப்பேரலையில் அழிந்தன. உயிர் தப்பியவர்கள் கேம்பல் பேக்கு அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் தங்கவைக்கப்பட்டனர். தற்காலிகம் என்று எண்ணி வந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கிறார்கள். முன்னோர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். தங்கள் பழங்குடிக் காப்பு நிலமும் திட்டத்துக்குள் போகிறது என்பது பின்னர்தான் தெளிவானது என்பதாலேயே 2022 நவம்பரில் சான்றைத் திரும்பப் பெற்றனர். வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் தீர்மானிக்கப்பட்டுவிட்டதாக அதே ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகம் சான்றளித்திருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறது பழங்குடியினர் மன்றம். 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதிகளில் தலையிட மறுத்து ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. பின்னர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வன உரிமை குறித்து வழக்குத் தொடுக்கப்பட்டது.

கிளைகள் உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வன உரிமைச் சட்டம் 2006, பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956 ஆகிய இரண்டையும் தமிழில் படித்து, குடியேறிய தொழிலாளர் குடியிருப்புகளில் விளக்கக் கூட்டங்கள் நடத்த வேண்டும். முதல் கூட்டம், துறைமுக வேலையை எதிர்பார்த்துப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் உள்ள தெருவில் நடக்கட்டும்.