மரக்கால் மழையும் மில்லிமீட்டர் மழையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மழை. ஜாதியைப் பற்றியும், கடவுளைப் பற்றியும், கோவில் கொள்ளையைப் பற்றியும் பேசுகிற மேடையில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நம் நாட்டில் மழைக்கும் ஜாதி உண்டு, மழைக்கும் புராணம் உண்டு, மழையின் பேரால் வரும்படியும் உண்டு. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

"மாதம் மும்மாரி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மூன்று மழையும் யார் யாருக்காகப் பெய்கிறதாம்? வேதம் ஓதுகிற பார்ப்பானுக்காக ஒரு மழை, நீதி தவறாத ராஜாவுக்காக ஒரு மழை, கற்பு தவறாத பெண்ணுக்காக ஒரு மழை. ஆகக்கூடி மூன்று. ஏர் பிடித்து உழுகிறவனுக்காக ஒரு தூறல்கூட இல்லை! மழை பெய்தால் பார்ப்பானுக்குப் பெருமை, பெய்யாவிட்டால் எந்தப் பெண்ணோ நெறி தவறினாள் என்று பெண்ணின் மேல் பழி. மழை பெய்யவில்லை என்பதற்காக எந்த ஊரிலாவது, வேதம் ஓதினவன் சரியாக ஓதவில்லை என்று அவன் மானியத்தைப் பிடுங்கியதுண்டா என்று கேட்கிறோம்.

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கும் சித்திரை முதல் தேதி கோவில்களில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லுகிறார்கள். நாம் கேட்பதெல்லாம், அந்த மரக்காலை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதுதான். வருஷம் முடிந்த பிறகு, நடுக்கடலில் போய், சொன்னபடி பெய்ததா என்று பார்த்து வந்தவர் யார்? நெல் வியாபாரி ஒருவன், "உனக்குப் பத்து மரக்கால் நெல் கொடுத்தேன், ஆனால் அதைக் கடலில் கொட்டிவிட்டேன்" என்று சொன்னால் நீங்கள் காசு கொடுப்பீர்களா?

2015ஆம் வருஷத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கினபோது, "பார்த்தீர்களா, பஞ்சாங்கத்தில் முன்னாலேயே சொல்லியிருக்கிறது" என்று அநேகர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லது. அதற்கு முன் பலிக்காத வருஷங்கள் எத்தனை? அவைகளைக் கணக்கெழுதி வைத்தவர் யார்? பலித்ததைச் சொல்லி, பலிக்காததை மறந்துவிடுவது ஜோசியனுடைய முதல். சர்க்கார் வானிலை இலாகாவார் சொல்லுவதும் தவறிப் போகிறதே என்பீர்கள். வாஸ்தவம், தவறுகிறது. ஆனால் அவர்கள் இன்ன தேதியில் இன்ன இடத்தில் இவ்வளவு பெய்யும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் எவ்வளவு பெய்தது என்பதையும் தாங்களே வெளியிடுகிறார்கள். தவறினது என்பது நமக்குத் தெரிவதே அவர்கள் அளந்து போடுவதால்தான். பஞ்சாங்கத்தின் தவறு தெரியாததற்குக் காரணம், அதை அளக்க யாரும் இல்லை என்பதே.

2019ஆம் வருஷக் கோடையில் நம்முடைய சர்க்காரின் இந்து அறநிலையத் துறையாரே, முக்கியமான கோவில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பினார்கள். அப்போது ஆட்சியிலிருந்த கட்சியின் பெயரிலேயே அண்ணா இருந்தார் என்பது வேறு விஷயம்! அந்த ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். யாகத்துக்கு முன்னால் எத்தனை மில்லிமீட்டர், பின்னால் எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தச் சுற்றறிக்கை எழுதினவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டிருந்தால், நாமே அதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து வழங்கியிருப்போம்.

நிற்க. பிற நாட்டில் இந்த மழையை மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். நாம் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகச் சம்பளம் வாங்கினவர்கள் அல்ல, பட்டம் பெற்ற விஞ்ஞானிகளும் அல்ல.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பர்ன்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் ரிச்சர்ட் டவுன்லி என்பவர் 1677ஆம் வருஷத்தில் மழையை அளந்து எழுத ஆரம்பித்தார். வீட்டுக் கூரைமேல் ஒரு புனலை வைத்து, அதிலிருந்து ஈயக்குழாய் ஒன்றை வீட்டுக்குள் இறக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே நீரைப் பிடித்து அளந்தார். அவர் கத்தோலிக்கர். அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி கத்தோலிக்கருக்கு சர்க்கார் பதவி கிடையாது. பதவி இல்லாவிட்டால் என்ன, மழை அவர் வீட்டிலும் பெய்தது, அவர் அளந்தார், எழுதினார். அந்தக் கணக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. அவரை ஒதுக்கிவைத்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று யாருக்காவது தெரியும்?

பிறகு 1860இல் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற இருபத்திரண்டு வயது வாலிபர், தேசமெங்கும் மழை அளக்கிறவர்களைத் தேடிப்பிடித்து ஒரு சங்கமாகச் சேர்த்தார். முதலில் சேர்ந்த இடங்கள் 168. அவர் 1900இல் இறக்கும்போது மூவாயிரத்துக்கு மேல். யார் யார் அளந்தார்கள் தெரியுமா? வைத்தியர்கள், தோட்டக்காரர்கள், பள்ளிக்கூடத்தார், நீர்த்தேக்கம் காக்கிறவர்கள். நார்போக் பகுதியில் லேடி பேய்னிங் என்ற ஒரு பெண்மணி 1835 முதல் 1887 வரையில் அளந்திருக்கிறார். விருந்துக் காலத்தில் லண்டனுக்குப் போனால் மழைமானியையும் கூடவே கொண்டு போவாராம். நம் நாட்டில் அதே காலத்தில், எந்தப் பெண்ணின் கற்பினால் மழை பெய்கிறது என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது!

அந்தக் கூட்டத்தில் பாதிரிமார்களும் நிறைய உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மழைக்கு ஜெபம் செய்தாலும், மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போய்க் குழாயில் நின்ற அளவைத்தான் எழுதினார்கள். ஜெபத்துக்காக ஒரு நூல்கூடச் சேர்த்து எழுதவில்லை. அந்த நாணயம் நம்முடைய புரோகிதருக்கும் வந்தால் நாம் சந்தோஷப்படுவோம்.

இப்படி அளந்த கணக்கெல்லாம் கையால் எழுதின தாள்களாகக் கட்டுக்கட்டாகச் சேர்ந்து கிடந்தன. சுமார் 66,000 தாள்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவற்றைப் படித்து ஏற்ற ஆள் இல்லை. 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கொரோனாவுக்காக எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் என்ற பேராசிரியர் அந்தத் தாள்களின் படங்களை வெளியிட்டு, வீட்டிலிருப்பவர்கள் பார்த்து எண்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். 16,000 பேர் முன்வந்தார்கள். பதினாறு நாளில் ஐம்பத்திரண்டு லட்சம் அளவுகளை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அதே நாட்களில் கொரோனாவை விரட்டத் தட்டைத் தட்டிக்கொண்டும் விளக்கேற்றிக்கொண்டும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அந்த நாட்டு மழைக் கணக்கு முன்பு 1862 முதல்தான் இருந்தது, இப்போது 1836 வரையில் பின்னுக்குப் போயிருக்கிறது. மிக வறண்ட வருஷம் 1887 என்று நம்பியிருந்தார்கள். இல்லை, 1855 அதைவிட வறண்டது என்று இப்போது தெரிந்தது. எத்தனை வறட்சி வரக்கூடும் என்று தெரிந்தால்தான் எத்தனை பெரிய ஏரி வேண்டும் என்று கணக்குப் போட முடியும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு தோட்டக்காரன் தினம் காலையில் எழுதின எண், இன்றைக்கு ஒரு பட்டணத்துக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது. சிரார்த்தம் செய்து பிண்டம் போட்டால் செத்தவன் இருக்கிறவனுக்கு உதவுவான் என்கிறார்களே, செத்தவன் உண்மையாய் உதவுகிற வழி இதுதான்.

இன்னொரு சங்கதி, உயிர் சம்பந்தமானது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் போர்ட் காலின்ஸ் என்ற ஊர். 1997 ஜூலை 28ந் தேதி இரவு அங்கே வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு அந்த மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் என்பவர், வீட்டில் மழை அளந்தவர்கள், வாளியிலோ தொட்டியிலோ நீர் நின்றிருந்தவர்கள் எல்லோரும் சொல்லுங்கள் என்று விசாரித்தார். ஊரின் மேற்கு ஓரத்தில் 14 அங்குலத்துக்கு மேல் பெய்திருக்கிறது. சில மைல் கிழக்கே 2 அங்குலம்கூட இல்லை! கிழக்கே இருந்தவனுக்குப் பக்கத்துத் தெருக்காரன் மூழ்குகிறான் என்பதே தெரியாது. உடனுக்குடன் அறிந்திருந்தால் எச்சரித்திருக்கலாமே என்ற எண்ணத்தில், 1998இல் சில டஜன் தொண்டர்களை வைத்து, ஆளுக்கு ஒரு மழைமானி என்று ஆரம்பித்தார்கள். இன்று அமெரிக்கா முழுதும், கனடாவிலும், ஆயிரக்கணக்கானவர்கள் தினம் காலையில் அளந்து அனுப்புகிறார்கள்.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்கிறவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 18ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த ஜில்லாவில் சாதாரணமாக வருஷம் முழுதும் பெய்கிறதைவிட அதிகம். அதே ஜில்லாவில், அதே 24 மணி நேரத்தில், தூத்துக்குடியில் 36 சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவிலுள்ள கிராமங்களில் எவ்வளவு? மழைமானி இருந்த இடத்தில் கணக்கு இருக்கிறது. இல்லாத இடத்தில் கண்ணீர்தான் இருக்கிறது. வெள்ள நஷ்டமானாலும், வறட்சி நிவாரணமானாலும், உங்கள் ஊர் மழையைப் பல மைலுக்கு அப்பாலுள்ள மழைமானியைப் பார்த்து முடிவு செய்தால், "அங்கே பெய்தது இங்கே பெய்யவில்லை" என்று சொல்ல உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? உங்கள் நோட்டுப் புத்தகத்தை உத்தியோகஸ்தர் உடனே ஒப்புக்கொண்டுவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் பத்து கிராமத்தார் தனித்தனியே எழுதின பத்து புத்தகத்தை ஒன்றாய்க் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"இதெல்லாம் எங்கள் சாஸ்திரத்திலேயே இருக்கிறது" என்று ஒரு கூட்டத்தார் இந்நேரம் புறப்பட்டிருப்பார்கள். உண்மைதான், அர்த்த சாஸ்திரத்தில் களஞ்சியத்துக்கு முன்னால் மழை அளக்கப் பாத்திரம் வைக்கச் சொல்லியிருக்கிறது. நாம் மறுக்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் ஒரே ஒரு வருஷம் விழுந்த மழையை நாள்வாரியாய் எழுதிவைத்த ஓலை ஒன்று கொண்டு வரட்டும், மாலை போட்டு வாங்கிக்கொள்ளுகிறோம்.

நம்மவரிலும் இப்போது இதில் ஊக்கமுள்ளவர்கள் கிளம்பியிருப்பது சந்தோஷமான விஷயம். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதுகிற பிரதீப் ஜான் வானிலை இலாகா உத்தியோகஸ்தர் அல்ல. ஆனாலும் மழைக் காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் அவர் எழுதுவதைப் படிக்கிறார்கள். ஆனால் படிக்கிறவர்கள் லட்சம், அளக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் நம் கவலை. ஜோசியனிடம் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், கேட்கிற ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு, தாங்கள் சும்மா இருந்தால் போதாது.

அளப்பதற்குக் காசு வேண்டாம். பக்கம் நேராக உள்ள, அதாவது மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றும், மில்லிமீட்டர் கோடு போட்ட அடிக்கோல் ஒன்றும் போதும். பெரிய டப்பாவில் அதிக மழை விழாதா என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அகன்ற வாயில் அதிக நீர் விழும், அகன்ற அடியில் அது பரவியும் நிற்கும். ஆகவே உயரம் ஒன்றுதான். அடி குழிந்திருந்தால் மெழுகோ சிமிண்டோ ஊற்றிச் சமமாக்குங்கள். மரத்தடியிலும் தாழ்வாரத்து ஓரத்திலும் வைக்காதீர்கள். பக்கத்திலுள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பமென்று நினைக்க வேண்டாம், ஒரு சதுர மீட்டர் தரையில் அது ஒரு லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் ஆகிறது.

வானிலை இலாகாவார் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை ஒரு நாளாகக் கணக்கிடுகிறார்கள். நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள், அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பார்த்ததும் கொட்டிவிட்டு வையுங்கள். ராகுகாலமென்றோ, வீட்டில் தீட்டென்றோ நிறுத்தாதீர்கள். மழைக்குத் தீட்டு கிடையாது. வீட்டுப் பெண்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எழுதட்டும், அவர்கள் நம்மைவிடத் தவறாமல் எழுதுவார்கள்.

முக்கியமாக ஒன்று. பெய்யாத நாளில் இடத்தை வெறுமனே விடாதீர்கள், சைபர் போடுங்கள். வெறும் இடம் என்றால் நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம், சைபர் என்றால் பார்த்தேன், பெய்யவில்லை என்று அர்த்தம். வறட்சிக்குச் சாட்சி சைபர்தான். அறுபது நாள் சைபர் வரிசையாக நின்றால் அதைப்போன்ற விண்ணப்பம் வேறில்லை. ஒரு நாள் ஊருக்குப் போய்விட்டால் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். குத்துமதிப்பாய் எழுதினால் அது பஞ்சாங்கம்.

மாதம் முடிந்ததும் ஊர் பெயர், தாலுகா, எப்படிப்பட்ட பாத்திரம், எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து நம் பத்திரிகைக்கு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள், அல்லது நோட்டைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள். வருகிற எண்களை ஊர்வாரியாய் வெளியிட இடம் ஒதுக்குகிறோம். பக்கத்து ஊர்க்காரர் கணக்கைப் பார்த்துவிட்டு உங்கள் கணக்கைத் திருத்தாதீர்கள். இரண்டும் வேறாக இருப்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டப்பா கொண்டு வந்திருக்கிற தோழர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வந்தால், கோடு போட்டுக் கொடுக்க இரண்டு வாலிபர்கள் இருக்கிறார்கள்.