நம் மேனியைக் கண்டு வெட்கப்படச் சொல்வது யார்?

(கம்மாபுரத்தில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி பற்றிப் பேச வந்த நாங்கள் முகப்பூச்சைப் பற்றிப் பேசுகிறோமே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் கூலிப் பிரச்னைதான். கூட்டம் துவங்குமுன் ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "நடவுக் கூலியில வாரம் ஒரு பங்கு முகப்பூச்சுக்குப் போயிடுதுங்க. உடம்பு இளைக்கணும்னு மக ராத்திரிச் சோத்தையும் தொடுறதில்ல." அந்தப் பெண்ணின் மீது நமக்குக் கோபமில்லை. அவளுக்கு இந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதே நம் கேள்வி.

1975இல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு டெலிவிஷன் வீட்டுக்கு வீடு வந்தது. அதில் வந்த ஒரு விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்குகிறான். கறுத்த மகள் அதைக் கேட்கிறாள். பூச்சைத் தடவுகிறாள், சிவக்கிறாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது! அவளுடைய படிப்பு மாறவில்லை, திறமை மாறவில்லை. தோல் மட்டுமே மாறியது. முதலில் குறையை உற்பத்தி செய், பிறகு அதற்கு மருந்தை விற்பனை செய். லாப வேட்டையின் சூத்திரம் இதுதான்.

இதை எதிர்க்க ஆள் இல்லாமல் போகவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002இல் கம்பெனிக்குக் கண்டனம் தெரிவித்தது. தேசிய மனித உரிமைக் கமிஷனிடமும் புகார் செய்தது. 2003இல் மத்திய சர்க்கார் தலையிட்டது. அந்த விளம்பரங்கள் நின்றன. 2020இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிளர்ச்சி உலகையே உலுக்கிய பிறகு, பூச்சின் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர் மாறியது, சரக்கு கடையிலேயே இருக்கிறது.

நம் தோலின் கறுப்பு வெயிலின் கொடுமையிலிருந்து உடம்பைக் காக்கும் குடை. அந்தக் குடையை மடக்குவதற்காகச் சில மலிவுப் பூச்சுகளில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. 2023இல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை டாக்டர்கள் விசாரித்தபோது, அவர்கள் பூசிய சிவப்பழகுப் பூச்சுதான் காரணம் என்று தெரியவந்தது.

இன்று டெலிவிஷன் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. செல்போனில் படம் எடுத்தால் அதுவே முகத்தை வெளுக்கிறது, மூக்கைக் கூராக்குகிறது. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் அச்சில் வார்த்தால் நூறு பொம்மைக்கும் ஒரே மூக்குத்தான். பொம்மைக்கு அது சரி. மனுஷிக்கும் அதே அச்சா? பூச்சு போதவில்லை என்றதும் கத்தி வருகிறது. திரைக்குள் இருப்பவளும் தப்பவில்லை. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் உயிரிழந்தார். வயது 21.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில், மார்பக அழகுச் சிகிச்சையும் ஏழைகளுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். ஏழைக்கு மட்டும் அழகு வேண்டாமா, இல்லாவிட்டால் கடன் வாங்கி ஆபத்தில் விழுவார்களே என்று மந்திரி கேட்டார். இந்தக் கேள்வியை ஏளனம் செய்யலாகாது. தீயில் வெந்த பெண்ணுக்கும், புற்றுநோயால் மார்பு இழந்தவளுக்கும், மார்பின் பாரத்தால் முதுகு நொந்தவளுக்கும் இந்தச் சிகிச்சை உரிமை, சலுகை அல்ல. இயந்திரத்தில் நசுங்கிய கைகளைச் சீராக்கிப் பேர்பெற்றதும் இதே ஸ்டான்லிதான். ஆலைத் தொழிலாளிக்கு அந்த அருமை தெரியும்.

ஆனால் நோயில்லாத உடம்பை நோய் என்று நம்பவைத்தது யார்? அவனை விட்டுவிட்டு, வெட்கத்தை மட்டும் சர்க்கார் செலவில் அறுத்தெடுக்க முடியுமா? இன்று மூக்கை அறுத்தால் நாளை தாடையைக் காட்டுவான்!

தோழர்களே, கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. சுயவிமர்சனமும் வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது நம் வீடுகளில் முதல் கேள்வி என்ன? "பொண்ணு செவப்பா?" கறுப்பு என்றால் நகை கூடக் கேட்கிறோம். கம்பெனிக்கு நாமே கூலியில்லாத ஏஜெண்டுகள்! நமக்கு வேண்டிய சிவப்பு நம் கொடியில் இருக்கிறது. பெண்ணின் கன்னத்தில் தேட வேண்டாம்.

ஆகவே மூன்று காரியங்கள். பாதரசப் பூச்சுகளைக் கடைகளில் பரிசோதித்துப் பறிமுதல் செய்யக் கோருவோம். தீக்காயத்துக்கும் நசுங்கிய கைக்கும் சென்னைக்கு ஓடாமல் நம் மாவட்டத்திலேயே முழுச் சிகிச்சை கோருவோம். மூன்றாவது, நம் வீட்டில்: மகளின் நிறத்தையும் பருமனையும் பற்றிக் கேலி பேசுவதை இன்றோடு நிறுத்துவோம். இதற்கு மனுவும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம்.

அந்தத் தாயிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்தோம்: "இன்று ராத்திரி மகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், அம்மா." உங்களுக்கும் அதையே சொல்லி முடிக்கிறோம்.