முதல்

கழகப் பாடல் ஒன்றனை விரித்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ கடைத்தெருச் சொல் ஒன்றனை எடுத்துக்கொண்டேன். ‘முதல்’ என்பதே அச்சொல்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். மரம் முதல், கிளை சினை என்கிறது இலக்கணம். எதனின்று பிற தோன்றுகின்றனவோ, எதனைப் பற்றிப் பிற நிற்கின்றனவோ, அது முதல். வணிகத்திலும் பொருள் அதுவே. அம்முதலை ஆள்பவன் முதலாளி. விற்பதற்கு வாங்குவது கொள்முதல். களத்தில் நெல்லைத் தூற்றி அளந்து கண்டது கண்டுமுதல். கையில் இருப்பது கைம்முதல். இவற்றைப் புலவர் எவரும் அறைக்குள் அமர்ந்து ஆக்கித் தரவில்லை. நெல் கொள்முதல் நிலையம் என்று அரசே இன்றும் பலகை எழுதுகின்றது. எவருக்கேனும் விளங்காமற் போயிற்றா?

பொருளியல் எழுதுவோர்க்கு மட்டும் ‘முதல்’ போதவில்லை, ‘மூலதனம்’ வேண்டியிருந்தது. மார்க்சின் பெருநூலும் தமிழில் அப்பெயரையே தாங்கிற்று. முதலாளி என்பதை மாற்ற அவர்களால் இயலவில்லை. ஆகவே, வாலில் ஒரு ‘துவம்’ ஒட்டினார்கள்! முதலாளியம் என்றால் நகைக்கின்றார்கள்.

வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் முதலையும் ஊதியத்தையும் ஒரே குறளில் வைத்தார். அங்கே ஊதியம் என்பது வணிகத்தில் மிகுவது. இலாபம் என்னும் வடசொல் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளவே, ஊதியம் சம்பளப் பட்டியலிற் குடியேறிற்று. நானும் திங்கள்தோறும் அதனை வாங்கினேன். அதில் வள்ளுவர் சொன்ன ஊதியம் இருந்ததா என்பது வேறு செய்தி.

அதனினும் எனக்கு வருத்தம் தருவது ‘அசல்’. அரபு மொழியில் அதற்கு வேர், அடி என்பதே பொருள். ‘முதல்’ சொல்லாத எதனையும் அது சொல்லவில்லை. வசூல், பாக்கி என்னும் கூட்டத்தோடு வந்து நம் கடன்முறியில் அமர்ந்துகொண்டது.

எங்கள் தெருவிற் கீரை விற்கும் அம்மையார் ஒருவர் தம் தோட்டை அடகு வைத்திருந்தார். திங்கள்தோறும் தவறாது பணம் கட்டினார். ஒவ்வொரு முறையும் கணக்கர், ‘அசல் அப்படியே இருக்கிறதம்மா’ என்பாராம். இவரும் மனநிறைவோடு திரும்புவாராம். ஓராண்டு கழித்து மீட்கச் சென்றபோது, கட்டியதெல்லாம் வட்டிக்கே சரியாயிற்று, வாங்கிய தொகை முழுதும் நிற்கின்றது என்றனர். சீட்டும் கையுமாக என்னிடம் வந்தார்.

“அசல் அப்படியே இருக்குன்னா, என் தோடு மாறிப்போகாம பத்திரமா இருக்குன்னுதானே ஐயா நெனச்சேன்!” என்றார்.

அசல் நெய் என்று கேட்டு வாங்கிப் பழகியவர் வேறென்ன நினைப்பார்?

“அசல் என்றால் முதல், அம்மா” என்றேன். நாள்தோறும் மாலையில், ‘இன்னைக்கு முதல்கூடத் தேறல’ என்று கூடையை இறக்குபவர் அவர். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

“அந்தப் புள்ளை அப்படிச் சொல்லியிருந்தா, மாசாமாசம் வட்டியோட பத்து இருபது சேத்துக் கட்டியிருப்பேனே!”

இவ்வவையில் வணிகப் பெருமக்கள் சிலர் அமர்ந்திருக்கின்றீர்கள். அடுத்த முறை சீட்டு அச்சிடும்போது அசல் என்னும் இடத்தில் முதல் என்று போடுங்கள். அச்சுக்கூலி கூடாது, இரண்டும் மூன்றெழுத்தே.