மீட்டர் பெட்டிக் குருவிகள்



2020 மார்ச்சில் டில்லியில் மழையும் குளிரும் விட்டபாடில்லை. மடித்து வைத்த கம்பளிகளை மீண்டும் எடுத்தோம். 22-ஆம் தேதி பிரயாணி ரயில்கள் நின்றன. 25 முதல் நாமனைவரும் வீட்டில் அடைபட்டோம். ஊரிலுள்ள தாயாரைக் காண எடுத்திருந்த டிக்கெட்டுகள் வீணாயின.

அச்சமயம் எங்கள் கொல்லைப்புற மீட்டர் பெட்டியில் சிட்டுக்குருவி ஜோடியொன்று குடியேறிற்று. 2012-இல் டில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டதுதான். ஆயினும் அதுவரை நாங்கள் அதனை ஏறிட்டும் பார்த்ததில்லை! கறுத்த தொண்டையுடைய ஆண் குருவி வைக்கோலும் நூலும் சுமந்து வந்தது. எங்கள் துடைப்பத்திலும் பாதி போயிற்று. (இல்லாள் கூறியது இங்கு வேண்டாம்.) முட்டையிட்டுப் பன்னிரண்டு நாட்களுக்குள் குஞ்சுகளின் குரல் கேட்டது, தாயும் தந்தையும் மாறி மாறிப் புழு ஊட்டின.

தொலைபேசியில் தாயார் தினமும், "குஞ்சுகள் பறந்தனவா?" என்பார். பறந்துவிட்டன என்று நாங்கள் சொன்ன அன்று, "நீங்கள் எப்போது வருவீர்கள்?" என்றார். மே 12-இல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கும்வரை அதற்கு எங்களால் விடை கூற இயலவில்லை.