வாடகைத் தகராறும் ஓர் உயிரின் விலையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

ஆண்டுக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ உரையாற்றுவதே வழக்கம். இன்று நாம் ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். மஹல்லாக்களில் ஜமாஅத்தின் முன் வரும் வழக்குகளில் வாடகை, முன்பணம், வீடு காலி செய்தல் ஆகியவை பற்றியவை குறைவல்ல. அவை சிறிய வழக்குகள் என்றே நாம் எண்ணுகிறோம். அச்சிறிய வழக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை உணர்த்தவே இந்தச் சம்பவத்தைத் தேர்ந்தோம்.

சண்டிகர் நகரில் நிகழ்ந்த அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் நமக்கு வேண்டா, படிப்பினையே வேண்டும். தகராறின் வேர் ஒரு குடியிருப்பின் சமையலறை. அதை யார் வைத்திருப்பது, யார் காலி செய்து கொடுப்பது என்பதே கேள்வி. பேச்சு முற்றி வசையாயிற்று. ஓர் இளைஞரின் சகோதரி அங்கே இருக்கும்போதே எதிர்த்தரப்பார் இழிசொற்களைக் கூறினார். இளைஞர் சமையலறைக்குள் சென்றார், கத்தியுடன் திரும்பினார். வசை கூறியவரின் கழுத்தில் குத்தினார். இடையில் வந்து தடுத்த மற்றொருவருக்கு மூன்று காயங்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்று அவருடைய உயிரைப் பறித்தது. வசை கூறியவர் பிழைத்தார். விலக்க வந்தவர் மாண்டார்.

கொலைக் குற்றம் எனத் தண்டிக்கப்பட்ட அந்த வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அன்று நடைமுறையிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவு கொலை எது என்று வரையறுத்து, ஐந்து விதிவிலக்குகளையும் கூறியிருந்தது. நான்காவது விதிவிலக்கு திடீர்ச் சண்டையைப் பற்றியது. அதன் பயனைப் பெற நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கிற்று. சண்டை திடீரென மூண்டதாக இருக்க வேண்டும். முன்கூட்டிய திட்டம் இருக்கக் கூடாது. உணர்ச்சி கொதித்த நிலையில் அச்செயல் நடந்திருக்க வேண்டும். தாக்கியவர் முறையற்ற அனுகூலத்தை எடுத்துக் கொள்ளாமலும், கொடூரமாக நடவாமலும் இருந்திருக்க வேண்டும். சண்டையை யார் தொடங்கினார் என்பதும், காயங்களின் எண்ணிக்கையும் மட்டும் முடிவைத் தீர்மானித்துவிடா என்றும் நீதிமன்றம் கூறிற்று. அதன்படி, கொலைக் குற்றத் தீர்ப்பு 304ஆவது பிரிவின் முதற்பகுதிக்கு மாற்றப்பட்டது. தண்டனை ஏழு ஆண்டுக் கடுங்காவலாயிற்று.

இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. கொலையின் வரையறை 101ஆவது பிரிவிலும், அதற்கான மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை 103ஆவது பிரிவிலும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்கான தண்டனை 105ஆவது பிரிவிலும் அமைந்துள்ளன. எண்கள் மாறினவேயன்றி, திடீர்ச் சண்டை பற்றிய விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது.

இதைக் கேட்கும் வாலிபர் சிலர், "அப்படியானால் கோபத்தில் குத்தியவன் தப்பித்துக் கொள்ளலாம்" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது பெரும் பிழை. தண்டனை குறைந்ததேயன்றிக் குற்றம் நீங்கவில்லை. ஏழு ஆண்டுகள் என்பது ஒரு வாலிபனின் திருமண வயதையும் தொழில் வயதையும் விழுங்கிவிடும் காலம். மேலும், விதிவிலக்கு கிடைத்தே தீரும் என்று எந்த வழக்கறிஞராலும் உறுதி கூற இயலாது. முன்பே கத்தியை மடியில் வைத்துச் சென்றான் என்று சாட்சியம் வந்தாலோ, விழுந்து கிடந்தவனை மேலும் குத்தினான் என்று தெரிந்தாலோ அந்த வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

அருமைச் சகோதரர்களே! இவ்வழக்கில் நம் உள்ளத்தை மிகவும் உலுக்குவது, அந்த இளைஞர் கத்தியெடுக்கச் சமையலறைக்கு நடந்த சில அடிகளேயாகும். அந்த அடிகளுக்குள் கொதிப்பு அடங்கியிருக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. அது சட்டத்தின் பார்வை. ஈமான் கொண்டவனுக்கோ அந்தச் சில அடிகளே சோதனைக் களம். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார்ந்து கொள்ளட்டும், அதனாலும் தணியாவிடில் படுத்துக் கொள்ளட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். கோபம் கொண்டவர் உளூச் செய்யட்டும் என்ற அறிவிப்பும் அதிலே உள்ளது. சமையலறையில் கத்தியும் இருந்தது, தண்ணீரும் இருந்திருக்கும். கை எதன் பக்கம் நீண்டதோ, அதைப் பொறுத்தே ஓர் உயிரின் கதி அமைந்துவிட்டது.

நமது ஃபிக்ஹ் கலையில் இமாம்கள் இதைத் தனித்த கோணத்தில் ஆராய்ந்துள்ளனர். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் கொலையானது வேண்டுமென்றே செய்தது, அதையொத்தது, தவறுதலாக நேர்ந்தது எனப் பகுக்கப்படுகிறது. உள்ளத்தின் நாட்டத்தை மனிதரால் காண இயலாது. ஆகவே கையிலெடுத்த கருவியே நாட்டத்திற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கூரிய ஆயுதத்தால் தாக்கிக் கொன்றவன், கோபத்தில் செய்தேன் என்று கூறினாலும் முதல் வகையிலேயே சேர்க்கப்படுகிறான். அதே வேளையில், கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னிப்பதற்குத் திருமறை வழி வைத்துள்ளது. நம் நாட்டில் குற்றவியல் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றுக்கே உரியது. எனவே கொலை வழக்கில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு மட்டுமே உண்டு. கொலைக் குற்றம் சட்டப்படி சமரசம் செய்து முடிக்கத்தக்கதன்று. இரு குடும்பங்களையும் அழைத்துக் காகிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி வழக்கை மூடிவிடலாம் என்று எந்த ஜமாஅத்தும் நினைக்கலாகாது. கண்டதைக் கண்டபடி கூறவிருக்கும் சாட்சியை, "நம்மவன்தானே" என்று தடுப்பதும் கூடாது. தனக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை.

அதேபோல், குற்றம் சாட்டப்பட்டவர் மேல்முறையீடு செய்வதை ஏளனம் செய்வதும் தகாது. கோபத்திலிருக்கும் நீதிபதி தீர்ப்பு வழங்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதே, தீர்ப்பளிப்பவரும் மனிதரே என்பதை உணர்த்தவில்லையா? அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை உயர்நீதிமன்றம் மறுபடியும் ஆராய்வது அதற்காகவே. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் உரிமை அளிக்கிறது. கைதானவரின் தாய்க்கும், மாண்டவரின் விதவைக்கும் அந்த அலுவலகத்தின் வழியைக் காட்டுவது ஜமாஅத்தின் கடமை. இருவரும் கண்ணீருடன் நம் பள்ளிவாசலின் வாசலுக்கே வருவார்கள்.

ஆயினும் வழக்கு அந்த எல்லையை அடையுமுன் தடுப்பதே மேலானது. அதற்கு மூன்று செயல்களை இந்த அவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் ஏவுகிறது. வீட்டு வாடகையிலோ, "நமக்குள் என்ன எழுத்து?" என்று விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது, சமையலறையும் மொட்டை மாடியும் கிணறும் யாருக்கு என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டாவது, கை வைக்காமை. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. காலக்கெடு முடிந்தும் வீட்டை விடாமல் அடம்பிடிப்பதும் அநீதியே. ஒரு சாண் நிலத்தை அநியாயமாகப் பிடித்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாகச் சுமத்தப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாவன்மையால் வழக்கில் வென்று பிறர் உரிமையை எடுத்துக் கொள்பவர், நெருப்புத் துண்டை எடுத்துக் கொள்கிறார் என்பதும் நபிமொழியே.

மூன்றாவது, நடுவர். தகராறு மூண்ட அன்றே ஜமாஅத்துக்குத் தெரிவியுங்கள். மக்ரிபுக்குப் பின் இரு தரப்பையும் தனித்தனியே அமர்த்திக் கேட்க இரண்டு பெரியவர்களை நிர்வாகம் நியமிக்கட்டும். அவர்களாலும் தீராவிடில் வாடகை அதிகாரியிடம் முறையிடுங்கள். சண்டை நடக்கும் வீட்டினுள் தனியொருவராக விலக்கப் போகாதீர்கள், நால்வராகச் செல்லுங்கள், காவல்துறையையும் அழையுங்கள். சண்டிகரில் இறந்தவர் இடையில் வந்தவரே என்பதை மறவாதீர்கள்.

வாலிபர்களே! அம்பை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வழியே செல்பவர் அதன் முனையைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டவர்கள் நம் தலைவர். தற்செயலாகக்கூட ஒருவருக்குக் கீறல் படக்கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கவலை. மறுமையில் மனிதர்களுக்கிடையே முதன்முதலில் தீர்க்கப்படும் வழக்கு இரத்தத்தைப் பற்றியது என்றும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். இவ்வுலக வழக்கில் மேல்முறையீடு உண்டு. அந்த வழக்கில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை வசையிலிருந்தும், எங்கள் கைகளை இரத்தத்திலிருந்தும் காப்பாயாக! எங்கள் மஹல்லாவின் வீடுகளில் நிம்மதியை நிலைநிறுத்துவாயாக! அநியாயமாக மாண்டவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் ஆதரவையும் அளிப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.